ஜெயித்தவன் மேல் தப்பு உண்டா?



சூதாட்டத்தைப் பற்றி எழுதச் சொன்னால் வழக்கமாக ஒரே மாதிரி ஒரு கதை வரும். ஒருவர் விளையாடப் போவார். சம்பளம் போகும், நகை போகும், கடைசியில் வீடும் போகும். பிறகு திருந்துவார். அந்தக் கதைகள் எல்லாம் உண்மைதான். நம்மில் பலர் நம் சொந்தக்காரர் வீட்டிலேயே அதைப் பார்த்திருப்போம். ஆனால் என் கதை வேறு. நான் தோற்கவில்லை.

2018ஆம் ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு 9 மணிக்கு, நம் சிங்கப்பூரில் உள்ள சூதாட்டக்கூடம் ஒன்றுக்குள் போனேன். மறுநாள் இரவு எட்டேகாலுக்கு வெளியே வந்தேன். 23 மணி நேரத்துக்கும் மேல் ஒரே மேசையில் போக்கர். செலவெல்லாம் போகக் கையில் 2,140 வெள்ளி லாபம்.

யாரையும் ஏமாற்றவில்லை. கடன் வாங்கவில்லை. சட்டத்தை மீறவில்லை. 21 வயதானால் உள்ளே போகலாம். எனக்கு அப்போது 26. எதிரே உட்கார்ந்திருந்தவர்களும் விவரம் தெரிந்த பெரியவர்கள்தான். அவர்களாக வந்தார்கள், அவர்களாக ஆடினார்கள், அவர்களாகத் தோற்றார்கள். அப்படியென்றால் நான் செய்ததில் என்ன தப்பு?

இந்தக் கேள்வியை இத்தனை வருஷமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். நான் யோசித்த வரைக்கும் சொல்கிறேன். நீங்களும் யோசியுங்கள்.

போக்கர் சூதாட்டமா?

முதலில் என் பக்கத்து வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்போது இதைத்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தேசிய சேவையில் இருந்தபோதுதான் போக்கர் கற்றுக்கொண்டேன். முகாமில் இரவில் ஒன்றும் செய்ய இருக்காது. ஒரு நண்பன் சீட்டுக்கட்டு கொண்டுவந்தான். காசு வைக்கவில்லை, பிஸ்கட்தான் வைத்தோம். எனக்குக் கணக்கு பிடிக்கும். இது கணக்கு விளையாட்டு என்று சீக்கிரமே புரிந்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, அப்புறம் இன்னொன்று. கையில் இரண்டு ஏஸ் வருவதற்கான வாய்ப்பு 221இல் ஒன்று. மூன்று சீட்டு விரிந்த பிறகு ஒரே சின்னத்தில் நான்கு வைத்திருந்தால், ஐந்தாவது வருவதற்கு நூற்றுக்கு 35 வாய்ப்பு. இப்படிக் கணக்குப் போட்டு, எப்போது மடிப்பது, எப்போது ஏற்றுவது என்று முடிவு பண்ண வேண்டும்.

ரூலெட் சக்கரத்தில் நீங்கள் கூடத்தை எதிர்த்து ஆடுகிறீர்கள். கணக்கு எப்போதும் கூடத்துக்குச் சாதகம். போக்கர் அப்படி இல்லை. இங்கே ஆட்டம் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில். கூடம் ஒவ்வொரு பந்தயக் குவியலிலும் ஒரு சிறு பங்கை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். திறமை உள்ளவன் நாள்பட ஜெயிப்பான். 2017இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல், நான்கு முன்னணி ஆட்டக்காரர்களுடன் 20 நாளில் 1,20,000 ஆட்டம் ஆடித் தெளிவாக ஜெயித்தது. வெறும் அதிர்ஷ்டமாக இருந்தால் இது நடக்குமா? "பாத்தியா, இது செஸ் மாதிரி. சூதாட்டமே இல்ல," என்று நண்பர்களிடம் சொல்வேன்.

இப்போதும் சொல்கிறேன், போக்கரில் திறமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறமையில் முதல் பாடம் என்ன தெரியுமா? கணக்கு இல்லை. மேசையில் உட்கார்ந்ததும், யார் ரொம்ப மோசமாக ஆடுகிறார் என்று கண்டுபிடிப்பது. அவருக்கு ஆட்டக்காரர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: மீன். மீன் இல்லாத மேசையில் உட்காராதே என்பது பாலபாடம். ஏனென்றால் எல்லாரும் சமமாக ஆடினால், கூடம் எடுக்கும் பங்கு போக எல்லாருக்குமே நஷ்டம்தான். நான் ஜெயிக்க வேண்டும் என்றால், அங்கே உட்காரக் கூடாத ஒருவர் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து போக வேண்டிய நேரத்தில் அவர் எழாமல் இருக்க வேண்டும்.

செஸ் போட்டியிலும் ஒருவர் ஜெயித்தால் ஒருவர் தோற்பார். ஆனால் எதிராளி எத்தனை பலவீனமாக இருக்கிறாரோ அத்தனை பணம் அவர் பையிலிருந்து உருவலாம் என்ற ஏற்பாடு அங்கே கிடையாது. வியாபாரத்திலும் லாபம் உண்டு. ஆனால் கடைக்காரர் லாபம் பார்த்தால், வாங்கியவர் கையில் அரிசியோ சட்டையோ இருக்கும். போக்கர் மேசையிலிருந்து தோற்றவர் எதை எடுத்துக்கொண்டு போகிறார்?

அன்றைக்கு இதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. அன்றைக்கு எனக்கு ஒரு கணக்குதான் தெரியும்.

நூறு வெள்ளி வேலி

2005இல் நம் நாட்டில் சூதாட்டக்கூடம் வரலாமா என்று பெரிய விவாதம் நடந்தது. வேலை வாய்ப்பு வரும், சுற்றுப்பயணிகள் வருவார்கள் என்றார்கள் ஒரு பக்கம். குடும்பங்கள் கெடும் என்றார்கள் இன்னொரு பக்கம். கடைசியில் அரசாங்கம் அனுமதித்தது, 2010இல் இரண்டு கூடங்கள் திறந்தன. அதே நேரத்தில் உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வேலியும் போட்டது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும். அப்போது 24 மணி நேரத்துக்கு 100 வெள்ளி. 2019 ஏப்ரலில் அது 150 வெள்ளி ஆனது.

நோக்கம் நல்லதுதான். சும்மா போகிற போக்கில் யாரும் உள்ளே நுழைந்துவிடக் கூடாது. ஆனால் மனுஷ மனசு இருக்கிறதே, அது வேலியையே கயிறாக்கிக் கட்டிக்கொள்ளும். "நூறு வெள்ளி கட்டியாச்சு. ரெண்டு மணி நேரத்துல வெளிய போனா அந்தக் காசு வேஸ்ட்டு. முழு 24 மணி நேரமும் ஆடுனா மணிக்கு நாலு வெள்ளி சொச்சம்தான்." எம்ஆர்டியில் போகும்போதே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டேன். முழு நாளும் உட்கார வேண்டும் என்ற முடிவு, முதல் சீட்டு கைக்கு வருவதற்கு முன்பே எடுத்தாகிவிட்டது.

உள்ளே நேரம் தெரியாது. ஜன்னல் இல்லை. விடியற்காலை நான்கு மணியும் மத்தியானம் இரண்டு மணியும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும். எங்கள் மேசையில் பந்தயம் 5, 10 வெள்ளியில் தொடங்கும். மணிக்கு ஏறக்குறைய 25 ஆட்டம். நல்ல ஆட்டக்காரன் நூற்றுக்கு எழுபது, எண்பது கையை மடித்துவிடுவான். அதனால் உண்மையில் போக்கர் என்றால் சினிமாவில் வருகிற மாதிரி வேர்க்க வைக்கும் ஆட்டம் கிடையாது. பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்து அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான். யார் களைத்துவிட்டார், யார் கோபத்தில் இருக்கிறார், விட்டதைப் பிடிக்க யார் துடிக்கிறார், இதையெல்லாம் பார்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு ஞாபகம் வந்தது. பத்து மணிக்கு எனக்குச் சமய வகுப்பு இருந்தது. பதினோரு பிள்ளைகள், எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும். இரண்டு வருஷமாக நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். மேசையை விட்டு எழுந்து கழிவறைக்குப் போய், வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "அக்கா, ராத்திரியிலிருந்து காய்ச்சல். இன்னைக்கு வர முடியாது. மன்னிச்சிடுங்க."

"பரவாயில்ல தம்பி, ரெஸ்ட் எடு. கஞ்சி குடி," என்று உடனே பதில் வந்தது. படித்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். அப்போது நான் 400 வெள்ளி நஷ்டத்தில் இருந்தேன்.

அந்த அண்ணன்

எனக்கு எதிர்ப்பக்கம் ஒரு தமிழர். ஐம்பது வயது இருக்கும். சனிக்கிழமை வேலை முடித்து, வீட்டுக்குப் போய்விட்டு, இரவு பதினோரு மணி வாக்கில் வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "தம்பி நம்ம ஆளா? எங்க வீடு?" என்று கேட்டார். பையிலிருந்து ஹேக்ஸ் மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். ராத்திரி முழுக்கப் பேசிக்கொண்டே ஆடினோம். மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாவது வருஷம் என்றார். நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்லும்போது முகமே மலர்ந்தது.

அவர் மோசமான ஆட்டக்காரர். முதல் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. மடிக்க வேண்டியதை மடிக்க மாட்டார். இன்னொன்றும் கவனித்தேன். கையில் நல்ல சீட்டு வந்தால் கலகலவென்று பேசுவார். சந்தேகம் இருந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் என்னிடம் குடும்பக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அந்தக் கதையிலிருந்து அவர் சீட்டைப் படித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணி இருக்கும். எனக்கு இரண்டு எட்டு வந்தது. நடுவில் எட்டு, ராஜா, ஐந்து. எனக்கு மூன்று எட்டு சேர்ந்துவிட்டது. அண்ணன் கையில் ஒரு ராஜா இருக்கிறது என்று தெரியும். ஏனென்றால் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டே பந்தயம் வைத்தார். நான் தயங்குகிற மாதிரி நடித்தேன். அடுத்த சீட்டிலும் அப்படியே. கடைசிச் சீட்டில் அவர் தன் முன்னால் இருந்த எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். நான் உடனே சரி என்றேன். சீட்டைத் திருப்பினேன். அவருடைய 1,120 வெள்ளி என் பக்கம் வந்தது.

கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தார். அப்புறம் எழுந்து, "நல்லா ஆடுனீங்க தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவரைப் பாவம் என்று நினைத்தேனா? உண்மையைச் சொல்கிறேன். "ஐயோ, போய்ட்டாரே" என்றுதான் நினைத்தேன். மேசையில் இருந்த ஒரே மீன் போய்விட்டது.

கூடத்துக்குள் ஏடிஎம் கிடையாது. வெளியே போய்த்தான் பணம் எடுக்க வேண்டும். அதுவும் ஒரு வேலிதான். நடந்து போகிற நேரத்தில் மனசு மாறட்டும் என்று வைத்தது. நாற்பது நிமிஷம் கழித்து அண்ணன் திரும்பி வந்தார், 600 வெள்ளியோடு. கண் சிவந்திருந்தது. "கட்டுன காசுக்கு இன்னும் நேரம் இருக்கு தம்பி," என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

அவர் வந்ததைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

தம்பி, தங்கைகளே, அந்தச் சந்தோஷத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. 1,120 வெள்ளியைப் பற்றி இல்லை. ஒருவர் தன் வீட்டுக்குப் போகாமல், தன் மகளிடம் போகாமல், மறுபடியும் அழிவதற்கு வந்து உட்கார்கிறார். அதைப் பார்த்து என் மனசு குளிர்கிறது. அந்த மனசு எனக்கு எங்கிருந்து வந்தது? சனிக்கிழமை வீட்டை விட்டுக் கிளம்பும்போது அது என்னிடம் இல்லை.

ஆறு மணிக்குள் அந்த 600ம் போனது. பாதி எனக்கு, பாதி வேறு ஒருவருக்கு. இந்த முறை எழுந்தபோது என் பக்கம் வந்து தோளில் கை வைத்தார். "நீங்க சின்னப் பிள்ள. நேரத்தோட வீட்டுக்குப் போங்க. அம்மா தேடுவாங்க." அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

பாஞ்சாலியின் கேள்வி

"அவருக்குச் சம்மதம் இருந்துச்சு. யாரும் கையைப் பிடிச்சு இழுக்கல." இதுதான் என்னிடம் கடைசியாக மிஞ்சிய வாதம். பலமான வாதம்தான். ஆனால் இதே வாதத்தை நம் முன்னோர் ஒரு பெரிய சபையில் வைத்து அலசிவிட்டார்கள்.

மகாபாரதத்தில் தருமர் சூதாடியது நம் எல்லாருக்கும் தெரியும். செல்வம் போனது, நாடு போனது, தம்பிகள் நால்வரும் போனார்கள், பிறகு தன்னையே வைத்துத் தோற்றார், அதற்கும் பிறகு பாஞ்சாலியை வைத்தார். சபைக்கு வரச் சொல்லி ஆள் வந்தபோது பாஞ்சாலி அழவில்லை. ஒரு கேள்வி கேட்டு அனுப்பினாள். அவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா? தன்னையே இழந்தவனுக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க என்ன உரிமை இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். பீஷ்மராலேயே அதற்குத் தெளிவாகப் பதில் சொல்ல முடியவில்லை.

அந்தச் சபையில் ஓர் இளைஞன் எழுந்து நின்றான். விகர்ணன். துரியோதனனின் தம்பி. ஜெயித்த பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். இந்த வெற்றி செல்லாது என்றான். அவன் சொன்ன காரணங்களில் ஒன்றைக் கவனியுங்கள். வேட்டை, குடி, சூது, அளவுகடந்த காமம், இந்த நான்கில் மூழ்கியவன் அந்த நேரத்தில் செய்வதை அவன் நிதானமாகச் செய்த செயலாக உலகம் எடுத்துக்கொள்வதில்லை என்றான்.

விகர்ணனின் அளவுகோலை எங்கள் மேசையில் வைத்துப் பார்க்கிறேன். அண்ணன் சனிக்கிழமை விடியற்காலை எழுந்து வேலைக்குப் போனவர். ஞாயிறு மத்தியானம் அவர் தூங்காமல் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. 24 மணி நேரம் தூங்காதவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.10 சதவிகிதம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நம் நாட்டில் 0.08 சதவிகிதம் தாண்டினால் வண்டி ஓட்டுவது குற்றம். வண்டிச் சாவியை நம்பிக் கொடுக்க முடியாத நிலையில் இருந்த ஒருவர் "ஆல்-இன்" என்று தள்ளிய பணத்தை, "அவர் சம்மதம்" என்று சொல்லி நான் எடுத்துக்கொண்டேன். முதல் மணி நேரத்தில் அவர் வைத்த பணம் அவர் சம்மதத்தோடு வைத்தது என்றுகூட ஒப்புக்கொள்ளலாம். பதினைந்தாவது மணி நேரத்தில் வைத்தது யார்? பாஞ்சாலியின் கேள்வி அங்கே வந்து நிற்கிறது.

"அப்ப நீயும் தூங்கலியே, நீயும் உன்னை இழந்தவன்தானே?" என்று கேட்பீர்கள். ஆமாம். நானும்தான். அண்ணன் தன்னை இழந்தது தோல்வியில் தெரிந்தது. நான் என்னை இழந்தது வெற்றியில் மறைந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்றும் இருக்கிறது. திருதராஷ்டிரன் இழந்ததையெல்லாம் திருப்பிக் கொடுத்து அனுப்பிய பிறகும், வழியிலேயே மறுபடி கூப்பிட்டதும், தருமர் திரும்பி வந்து உட்கார்ந்தார். அந்த இரண்டாவது ஆட்டத்தில்தான் 12 வருஷம் வனவாசமும் ஒரு வருஷம் அஞ்ஞாதவாசமும் வந்தது. தருமம் தெரிந்த தருமரே திரும்பி வந்தார் என்றால், 600 வெள்ளியோடு திரும்பி வந்த அண்ணனை முட்டாள் என்று சொல்ல நான் யார்?

இங்கே சில தம்பிகள் என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "அண்ணா, கீதையில கிருஷ்ணரே தான் சூதா இருக்கேன்னு சொல்றாரே?" உண்மைதான், பத்தாவது அத்தியாயத்தில் வருகிறது. ஆனால் முழுசாகப் படியுங்கள். ஏமாற்றும் செயல்களுக்குள் தான் சூதாக இருப்பதாகச் சொல்கிறார். எந்த வகையை எடுத்தாலும் அதில் மிஞ்சிய ஆற்றல் தன்னுடையது என்று அடுக்கிக்கொண்டு போகும் இடம் அது. அதாவது, ஏமாற்றுவதில் சூதுக்கு மேல் ஒன்று இல்லை. அதை நான் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, எச்சரிக்கையாகத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

வள்ளுவர் வைத்த இடம்

திருக்குறளில் 94ஆவது அதிகாரம் சூது. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது ஒன்றைக் கவனிக்கவில்லை. அதற்கு முந்திய அதிகாரம் கள்ளுண்ணாமை. அடுத்த அதிகாரம் மருந்து. மயக்கத்துக்கும் மருந்துக்கும் நடுவில் சூதை வைத்திருக்கிறார். தூக்கமில்லாத ஆட்டக்காரனை எனக்குத் தெரிந்த பிறகுதான் அந்த வரிசையின் பொருத்தம் புரிந்தது.

அதைவிட முக்கியமானது, அந்த அதிகாரத்தின் முதல் குறள். தோற்றுப்போவாய், அதனால் ஆடாதே என்று அவர் தொடங்கவில்லை. ஜெயித்தாலும் வேண்டாம் என்று தொடங்குகிறார். ஜெயித்த பொருளைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனோடு ஒப்பிடுகிறார். போக்கர் மேசையில் நாங்கள் தோற்பவரை மீன் என்போம். வள்ளுவர் கணக்கில் மீன் ஜெயித்தவன். அன்று அந்த மேசையில் ஒரே ஒரு மீன் என்று நான் எண்ணியது தப்பு.

ரிக் வேதத்திலும் பத்தாம் மண்டலத்தில் ஒரு சூதாடியின் புலம்பல் இருக்கிறது. தான்றிக்காயைக் காயாக வைத்து ஆடிய காலம் அது. திரிபலாவில் சேர்க்கிறோமே, அதே தான்றிக்காய். மனைவி ஒதுக்குகிறாள், தாய் வருந்துகிறாள், இனிமேல் போவதில்லை என்று முடிவு பண்ணியவன் காய் உருளும் சத்தம் கேட்டதும் ஓடுகிறான். கடைசியில் காயை விட்டுவிட்டு நிலத்தை உழு என்று அறிவுரை வருகிறது. ஆயிரக்கணக்கான வருஷத்துக்கு முந்திய அந்த ஆள் இன்றைக்கு நம் எம்ஆர்டியில் ஏறினால், அவனுக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. அவனே போய்விடுவான்.

காய்ச்சல்

வீட்டுக்கு வந்து பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன். திங்கட்கிழமை வேலைக்குப் போகவில்லை. இந்த முறை உண்மையிலேயே தலைவலி. பணத்தை ஓர் உறையில் போட்டு அலமாரியில் வைத்தேன். கோயில் உண்டியலில் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் அது அண்ணனுடைய மகள் படிப்புக்கு ஆகியிருக்க வேண்டிய பணம். முருகனிடம் கொடுத்துக் கணக்கை முடித்துக்கொண்டால், அது எனக்கு வசதி. அவருக்கு என்ன வந்தது? அவரைத் தேட வேண்டும் என்றால் மறுபடியும் உள்ளேதான் போக வேண்டும். போகவில்லை. உறையைத் தொடக் கூடாது என்று முடிவு பண்ணினேன். அதையும் காப்பாற்றவில்லை. கைப்பேசி உடைந்தபோது கொஞ்சம் எடுத்தேன், அப்புறம் இன்னும் கொஞ்சம். அதுதான் நடந்தது.

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போனேன். பதினோரு பிள்ளைகளும் ஓடி வந்தார்கள். "அண்ணா, காய்ச்சல் சரியாப் போச்சா?" ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். போன வாரம் கோயிலில் கொடுத்த திருநீறு. எனக்காக ஒரு வாரம் பத்திரமாக வைத்திருக்கிறான். "உங்களுக்குச் சீக்கிரம் நல்லாகணும்னு வேண்டிக்கிட்டேன்," என்றான்.

பூசிக்கொண்டேன். அன்றைக்கு என்ன பாடம் நடத்தினேன் என்று ஞாபகம் இல்லை.

வகுப்பு முடிந்ததும் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "பணத்தை என்ன செய்றதுன்னு அப்புறம் பாத்துக்கலாம். பிள்ளைங்ககிட்ட பொய் சொன்னத முதல்ல சரி பண்ணு," என்றார்.

பணத்தைவிட அது பெரிசா என்று தோன்றியது. யோசித்துப் பார்த்தால், நான் முதலில் பணயம் வைத்தது வெள்ளியை இல்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கழிவறையில் நின்று அனுப்பிய அந்தச் செய்திதான். என்னை நம்பிப் பாயில் உட்கார்ந்திருந்த பதினோரு பேரின் நம்பிக்கையை வைத்தேன். அதை வைத்த பிறகு மற்றதெல்லாம் சுலபமாகிவிட்டது.

அடுத்த வாரம் சொன்னேன். பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி, "அண்ணனுக்குக் காய்ச்சல் இல்ல. காசு வெச்சுச் சீட்டாடப் போனேன். அக்காகிட்ட பொய் சொன்னேன். தப்பு," என்றேன். வகுப்பு அமைதியாக இருந்தது. ஒரு பிள்ளை, "ஜெயிச்சீங்களா?" என்று கேட்டது. "ஜெயிச்சேன்," என்றேன். திருநீறு கொடுத்த பையன் மட்டும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். "அப்ப நான் வேண்டிக்கிட்டது வீணா அண்ணா?"

"இல்லடா. எனக்கு வேற காய்ச்சல் இருந்துச்சு," என்றேன். அவனுக்குப் புரிந்ததா தெரியாது.

தம்பி, தங்கைகளே, உங்களில் பலருக்கு இந்த மாதிரி ஒரு கூடத்துக்குப் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. கைப்பேசியிலேயே மேசை வந்துவிட்டது. யாராவது உங்களிடம், "இது திறமை, இது சட்டம், எல்லாரும் சம்மதத்தோட ஆடுறாங்க," என்று சொன்னால், மூன்றும் உண்மையாகக்கூட இருக்கலாம். நீங்கள் ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள். எதிரே இருப்பவர் எழுந்து வீட்டுக்குப் போனால் எனக்குச் சந்தோஷமா, வருத்தமா? வருத்தம் என்றால், நீங்கள் ஜெயித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுங்கள்.

வீட்டில் யாராவது எழ முடியாமல் தவித்தால், வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். சூதாட்டப் பிரச்சினைகளுக்கான தேசிய மன்றத்திடம், உள்ளே நுழையவே முடியாதபடி தடை உத்தரவு கேட்கலாம். ஒருவர் தனக்கே கேட்டுக்கொள்ளலாம், குடும்பத்தாரும் விண்ணப்பிக்கலாம். எனக்கு நானே அந்தத் தடையை வாங்கிக்கொண்டேன். நான் அடிமையாகவில்லை, ஒரு ராத்திரிதான் போனேன் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் திரும்பி வந்த மனுஷனைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட அந்த மனசை நான் பார்த்துவிட்டேன். அதற்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க எனக்குப் பயம்.

அந்த அண்ணன் இந்த இதழைப் படிப்பாரா என்று தெரியாது. படித்தால், அண்ணே, நான் அன்றைக்கு நேரத்தோடு வீட்டுக்குப் போகவில்லை. நீங்கள் போன பிறகும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிடுங்கள். உங்கள் மகள் படிப்பை முடித்து நன்றாக இருப்பார் என்று நம்புகிறேன். உறையில் குறைந்ததை இப்போது மறுபடி நிரப்பி வைத்திருக்கிறேன். அது உங்களுடையது.